அழுகையும் மெய்ப்பாடே

மேற்கு மலைத்தொடரில் தோன்றிக் கரிசல் நிலத்தின் ஊடே நெடுந்தொலைவு நடந்துவரும் வைப்பாறு, மன்னார் வளைகுடாவில் கலக்கும் இடத்தை அடுத்து அமைந்தது கீழவைப்பார் என்னும் கடற்கரைச் சிற்றூர். அது தூத்துக்குடிக்கு வடக்கே, விளாத்திகுளம் வட்டத்தில் உள்ளது. ஒருபுறம் பனையும் உடைமரமும் நிறைந்த வறண்ட நிலம்; மறுபுறம் நீலக் கடல். பழந்தமிழ்ப் புலவர் போற்றிய கொற்கை முத்து விளைந்த கடல் இதுவே. தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளித்தல் 1961-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. ஆயினும், சங்கு குளிப்போரும் மீன் பிடிப்போரும் இக்கரையில் இன்றும் வாழ்கின்றனர்.

முற்காலத்தில் முத்துக் குளிப்போன், கல்லொன்றைக் கயிற்றில் கட்டி, அதன் கனத்தால் கடலுள் இறங்குவான். படகின்மேல் ஒருவன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பான். கீழே உள்ளவன் கயிற்றை அசைத்ததும் மேலே உள்ளவன் விரைந்து இழுப்பான். கயிறு பிடிப்பவன் மூழ்குவோனின் மைத்துனனாக இருத்தல் மரபு என்பர். தன் உடன்பிறந்தாளின் வாழ்வு அக்கயிற்றில் தொங்குவதை அவன் அறிவான் அன்றோ? கயிறு பிடிப்பவன் நீருள் இறங்குவதில்லை, முத்தும் எடுப்பதில்லை. ஆயினும், அவன் இல்லையேல் மூழ்கியவன் மீளுதல் அரிது. இதனை நான் நெடுங்காலம் ஒரு வெறுஞ்செய்தியாகவே அறிந்திருந்தேன். இதன் பொருளை எனக்கு உணர்த்தியவன் பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவன்.

நான் இக்கரைப் பகுதியில் பிறந்தவன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழாசிரியனாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். இளமையில் பெரும்புலவர் ஒருவரை அடைந்து, தொல்காப்பியமும் திருக்குறளும் முறையாகப் பாடம் கேட்டேன். தொல்காப்பியத்துள் மெய்ப்பாட்டியல் எனக்கு மிக விருப்பமான பகுதி. அழுகை, அச்சம், வெகுளி, உவகை முதலாக எண்வகை உணர்ச்சிகள் உள்ளத்தில் தோன்றி உடலில் வெளிப்படும் என்பதும், அவை ஒவ்வொன்றும் நான்கு காரணம் பற்றிப் பிறக்கும் என்பதும் அவ்வியலில் கூறப்பட்டுள்ளன. காரணம் இன்றி எவரும் அழுவதில்லை. காரணம் இன்றி எவரும் வெகுள்வதில்லை. இவ்வுண்மையை மேல்வகுப்பு மாணவர்க்கு விரித்துரைக்குந்தோறும் எனக்குச் சிறிது செருக்கும் தோன்றுவதுண்டு. ஏட்டில் கண்ட அவ்வுண்மையை, எதிரில் நின்ற மாணவனிடம் நான் காணத் தவறினேன். அத்தவற்றை மறையாது கூறவே இதனை எழுதத் துணிந்தேன்.

2012-ஆம் ஆண்டு மாசித் திங்களில், கீழவைப்பாரில் சங்கு குளிக்கும் தொழிலாளர் ஒருவர் கடலில் உயிர் துறந்தார். இக்காலத்தில் சங்கு குளிப்போர் பலர், படகிலுள்ள இயந்திரத்தினின்று குழாய்வழி வரும் காற்றை மூச்சாகக் கொண்டு, ஆழத்தில் நெடுநேரம் தங்குகின்றனர். அவ்வாறு தங்கியவர் விரைந்து மேலேறினால் உடலுள் காற்றுக் குமிழிகள் தோன்றி, மூட்டுகளை வருத்தும். சில வேளை உயிரையும் கொள்ளும். அத்தொழிலாளருக்கு நேர்ந்ததும் அத்தகைய விபத்தே. அவர் மகன் எங்கள் பள்ளியில் ஏழாம் வகுப்பில் படித்துவந்தான். ஆசிரியர் சிலரோடு நானும் அத்துயர வீட்டிற்குச் சென்றேன். திண்ணையோரம் ஒடுங்கி நின்ற சிறுவனின் தோளைத் தொட்டு, ஆறுதலாகச் சில சொற்கள் கூறினேன். என்ன கூறினேன் என்பது சின்னாளில் எனக்கு மறந்துபோயிற்று.

கோடை விடுமுறை கழிந்து பள்ளி திறந்தபோது, அவன் முன்னைய சிறுவனாக இல்லை. பாடம் நடக்கையில் உறங்கினான். விழித்திருந்தால் பிறரை உறுத்து நோக்கினான். சிறு கேலிக்கும் கை ஓங்கினான். ஒருநாள் தன்னினும் இளைய மாணவன் ஒருவனைக் கீழே தள்ளிக் காயப்படுத்தினான். மற்றொரு நாள் தன் ஏடுகளையே கிழித்தெறிந்தான். அவனைப்பற்றிய முறையீடு நாள்தோறும் வந்தது. “இவன் திருந்தமாட்டான்” என்று ஆசிரியர் அறையில் முதலில் கூறியவன் நானே.

நான் பிரம்பெடுத்து அடிக்கும் ஆசிரியன் அல்லன். 2010-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த குழந்தைகளின் கட்டாயக் கல்விச் சட்டம், மாணவரை உடலால் தண்டித்தலோடு உள்ளத்தால் துன்புறுத்துதலையும் விலக்குகிறது. அதன் முற்பகுதியை நான் பிழையின்றிக் கடைப்பிடித்தேன். பிற்பகுதியை எண்ணிப் பார்த்ததில்லை. ஒருநாள் அவன் வகுப்பில் மேசையை ஓங்கிக் குத்தியபோது, நாற்பது மாணவர் கேட்க, “உன் தந்தையின் பெயரைக் கெடுக்கவே நீ பிறந்தாய்!” என்றேன். பிரம்பினும் கொடியது அச்சொல். அவன் ஒன்றும் பேசவில்லை. என்னை நிமிர்ந்து நோக்கினான். பையையும் எடுக்காமல் வெளியே சென்றுவிட்டான்.

அன்று மாலை அவன் வீடு திரும்பவில்லை. ஊரார் பல இடங்களிலும் தேடினர். இரவு நெடுநேரம் சென்றபின், கரையில் கவிழ்த்து வைத்திருந்த பழைய வள்ளம் ஒன்றின் அடியில் அவனைக் கண்டனர். கண்களில் ஒரு துளி நீரும் இல்லை என்று, அவனைக் கண்டெடுத்தவர் என்னிடம் வியப்போடு கூறினார்.

மறுநாள் தலைமையாசிரியை என்னை அழைத்தார். அவர் என்னினும் மிக இளையவர். “ஐயா, இவனைத் தீயவன் என்று நாம் எல்லாரும் எண்ணுகிறோம். எனக்கோ நோவுடையவனாகத் தோன்றுகிறான். கால் முறிந்த பிள்ளை ஓடவில்லை என்று நாம் சினப்பதில்லையே! தூத்துக்குடி அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு இவனை அழைத்துச் செல்லலாம். தாயார் தனியே செல்லத் தயங்குவார். தாங்கள் உடன் செல்ல இயலுமா?” என்றார். எனக்கு விருப்பமில்லை, எனினும் மறுக்க நாணினேன்.

சிறுவனின் தாயார் அதைக் கேட்டதும் நடுங்கினார். “என் பிள்ளைக்குப் பைத்தியமா ஐயா? ஊரார் அறிந்தால் என்ன சொல்லுவார்கள்?” என்று கண் கலங்கினார். பிள்ளையை ஏதோ தீய ஆவி பற்றியது எனக் கூறியவர்களும் இருந்தனர். அவர் மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றி மன்றாடியிருந்தார். அவ்வழிபாடு அத்தாய்க்கு வலிமை அளித்தது. ஆயினும், காய்ச்சல் கண்ட பிள்ளைக்காக மன்றாடும் தாய் மருத்துவரையும் நாடுவாள் அன்றோ? அதனை எடுத்துக் கூறியபின் அவர் இசைந்தார்.

மருத்துவமனையில் உளநல ஆலோசகராக இருந்தவர் ஓர் இளம்பெண். அவர் சிறுவனை வினாக்களால் துருவுவார், அறிவுரை கூறுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ, ஏன் அடித்தாய் என்று கேட்கவில்லை. ஏன் ஓடினாய் என்றும் கேட்கவில்லை. அவருடைய சிற்றறையில் மணல் நிரப்பிய அகன்ற தட்டு ஒன்றும், மனிதர், விலங்கு, வீடு, படகு முதலிய சிறு பொம்மைகளும் இருந்தன. “தம்பி, உனக்கு விருப்பமானால் இம்மணலில் எதையேனும் அமைக்கலாம். விருப்பமில்லையேல் வெறுமனே அமர்ந்திருக்கலாம்” என்று மட்டும் கூறிக் கதவை மெல்லச் சாத்தினார். தாயாரும் நானும் வெளியே விசிப்பலகையில் அமர்ந்திருந்தோம். முக்கால் மணி நேரம் உள்ளே ஓசையே எழவில்லை. ‘மணல் விளையாட்டுக்காகவா கடற்கரையினின்று இத்தனை தொலைவு பேருந்தில் வந்தோம்!’ என்று நான் உள்ளத்துள் நகைத்துக்கொண்டேன்.

என் முகக்குறிப்பை உணர்ந்த ஆலோசகர், பின்னர் எனக்கு விளக்கினார். பெரியவர் தம் துன்பத்தைச் சொல்லால் உரைப்பர். குழந்தைக்கோ துன்பம் உண்டு, அதற்குரிய சொல் இல்லை. ஆகவே, அது விளையாட்டால் உரைக்கும். அன்றேல் குறும்பால் உரைக்கும். இதனை நன்குணர்ந்த மார்கரெட் லோவன்பெல்டு என்னும் மருத்துவப் பெருமாட்டியார், 1928-இல் லண்டன் மாநகரில் குழந்தைகளுக்கான மனநல நிலையம் ஒன்றைத் தொடங்கினார். அங்கு வந்த குழந்தைகள் மணல்தட்டில் பொம்மைகளை வைத்துத் தத்தம் உலகைப் படைத்துக் காட்டினர். அமெரிக்க நாட்டு வர்ஜீனியா ஆக்ஸ்லைன் அம்மையார், விளையாட்டின்வழி உள்ளத்தை ஆற்றும் முறையை 1947-இல் ஒரு நூலாக வெளியிட்டார். குழந்தையை உள்ளவாறே ஏற்றல், அதனை விரைவுபடுத்தாதிருத்தல் ஆகியவை அவர் வற்புறுத்திய நெறிகள்.

இத்துறையின் தொடக்கத்தில் ஓர் ஆசிரியைக்கும் இடம் உண்டு என்பதை அறிந்தபோது நான் வியப்புற்றேன். 1896-ஆம் ஆண்டு, அமெரிக்காவில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் லைட்னர் விட்மர் என்பாரிடம், பள்ளி ஆசிரியை ஒருவர் தம் மாணவனை அழைத்து வந்தார். அவன் பிற பாடங்களில் அறிவுடையவன்; சொற்களைப் பிழையின்றி எழுத மட்டும் அவனால் இயலவில்லை. விட்மர் அவனைக் கடியவில்லை, ஆராய்ந்தார். அவனுக்குக் கண்பார்வையில் குறை உண்டு என்பது தெரியவந்தது. அம்முயற்சியினின்றே உலகின் முதல் உளவியல் மருத்துவ நிலையம் வளர்ந்தது. தன் மாணவனைச் சோம்பேறி என்று ஒதுக்காத ஆசிரியை ஒருவரால் ஓர் அறிவுத்துறையே தோன்றிற்று! அவரைப்பற்றி அறிந்த அன்று நான் தலைகுனிந்தேன்.

நம் நாட்டிலும் இம்முயற்சி பழையதே. 1937-இல் பம்பாயில் குழந்தை வழிகாட்டு நிலையம் தோன்றியது. பெங்களூரில் உள்ள தேசிய மனநல, நரம்பியல் அறிவியல் நிறுவனம், குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் தனித்துறை அமைத்துப் பணியாற்றுகிறது. 2004-ஆம் ஆண்டு திசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை நம் கரைகளைத் தாக்கியதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். இலங்கைத் தீவு இடையே நின்றமையால் எங்கள் மன்னார் வளைகுடாக் கரை பெரிதும் தப்பியது. நாகப்பட்டினமோ ஆறாயிரத்திற்கும் மேற்பட்ட உயிர்களை இழந்தது. பெற்றோரை இழந்த பிள்ளைகள் பலர் உறக்கம் இன்றி வருந்தினர். சிலர் கடலைக் காணவே அஞ்சினர். அந்நாளில் பெங்களூர் நிறுவனத்தார், ஊர்தோறும் தொண்டு புரிவோருக்குப் பயிற்சி அளித்தனர். ஓவியம், கதை, விளையாட்டு ஆகியவற்றின்வழிப் பிள்ளைகளின் உள்ளத்துயரை வெளிப்படுத்தும் முறைகள் கையாளப்பட்டன. உணவும் உடையும் அளித்தால் மட்டும் போதாது, உள்ளத்திற்கும் மருந்து வேண்டும் என்பதைத் தமிழகம் அன்று கண்கூடாக உணர்ந்தது.

வாரம் ஒருமுறை நாங்கள் தூத்துக்குடிக்குச் சென்றோம். நான்காம் வாரம் பொறுமை இழந்து, “அம்மா, இவன் தங்களிடம் என்னதான் கூறினான்?” என்று ஆலோசகரிடம் கேட்டேன்.

அவர் புன்னகை புரிந்தார். “பொறுத்தருளுங்கள் ஐயா. அவன் கூறியவற்றை அவன் இசைவின்றி நான் கூறுதல் ஆகாது. அவன் உயிருக்கோ பிறர் உயிருக்கோ தீங்கு நேரும் என்று அஞ்சினால் மட்டுமே உரியவரிடம் கூறுவேன். அதனையும் அவனிடம் முதல்நாளே சொல்லிவிட்டேன். ஆனால், தாங்கள் அவனுக்குச் செய்யக்கூடியவை சில உள” என்றார்.

அவர் கூறியவை எளியவை. பலர் முன்னிலையில் அவனைக் கடியலாகாது. வேலையைச் சிறு சிறு பகுதியாகப் பிரித்துத் தரவேண்டும். ‘நல்லவன்’ என்று பொதுப்படப் புகழாமல், ‘இன்று இப்பாடலைப் பிழையின்றி எழுதினாய்’ என்று செயலைக் குறித்துப் பாராட்டவேண்டும். சினம் மேலிடும்போது அவன் ஒரு விரலை உயர்த்திக் காட்டுவான். அப்போது கேள்வி கேளாமல் வெளியே சென்றுவர விடவேண்டும். தன் சினத்தை ஒன்று முதல் பத்து வரையுள்ள எண்ணால் அளந்து காணவும், அது பத்தை எட்டுமுன் மூச்சை மெல்ல இழுத்து மெல்ல விடவும் அவனுக்குப் பயிற்சி தரப்பட்டிருந்தது.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தில், நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து உதவுவோன் என்னும் நான்கு கூறுகளும் சேர்ந்ததே மருத்துவம் என்று வள்ளுவர் வகுத்துள்ளார். அவ்வதிகாரத்தைப் பலமுறை நடத்தியவன் நான். எனினும், அருகிருந்து உதவுவோன் ஆசிரியனாகவும் இருக்கலாம் என்பது அம்மருத்துவமனை விசிப்பலகையில் அமர்ந்திருந்தபோதுதான் எனக்குத் தோன்றியது. படகின்மேல் நின்று கயிறு பிடிப்பவனும் என் நினைவில் எழுந்தான். மூழ்கி எடுக்கவேண்டியவன் சிறுவனே. நாங்கள் கயிறு பிடிப்போர்.

மாற்றம் ஒருநாளில் நிகழ்ந்துவிடவில்லை. ஒரு திங்கள் அமைதியாகக் கழியும். பிறகு ஒருநாள் பழைய சினம் தலைகாட்டும். மூன்றாம் திங்களில் மீண்டும் ஓர் ஏட்டைக் கிழித்தான். நான் சோர்ந்தபோது ஆலோசகர், “ஆழத்தில் இருந்தவனை விரைந்து மேலே இழுத்தல் ஆகாது என்பதைத் தங்கள் ஊரார் நன்கு அறிவார்களே” என்றார். அம்மொழி என்னை வாய் மூடச் செய்தது.

மார்கழித் திங்களில் ஒருநாள் மாலை, நான் கடற்கரையில் உலாவிக்கொண்டிருந்தேன். அவன் ஒரு படகின் நிழலில் அமர்ந்திருந்தான். என்னைக் கண்டதும் எழுந்தான், ஓடவில்லை. அருகில் மணலில் அமர்ந்தேன். நெடுநேரம் இருவரும் கடலையே நோக்கியிருந்தோம். பேசு என்று நான் தூண்டவில்லை. அவ்வளவு பொறுமையை அவனே எனக்குக் கற்பித்திருந்தான்.

“ஐயா, அப்பாவைக் கொண்டுவந்த அன்று நீங்கள் எங்கள் வீட்டிற்கு வந்தீர்கள் அல்லவா?” என்று அவன் தொடங்கினான்.

“ஆம், தம்பி.”

“நீ ஆண்பிள்ளை, இனி நீதான் வீட்டிற்குத் தலைவன், நீ அழக்கூடாது என்று சொன்னீர்கள். நான் அழவில்லை ஐயா. அம்மா அழும்போதெல்லாம் வெளியே போய்விடுவேன். அழுகை வரும்போது கையை இறுக மூடிக்கொள்வேன். பிறகு எவனாவது ஏதாவது சொன்னால், அந்தக் கை தானாக ஓங்கிவிடும்.”

என் நெஞ்சு திடுக்கிட்டது. நான் மறந்த சொல்லை அவன் பத்துத் திங்கள் சுமந்திருந்தான். ஆசிரியர் சொல் என்று மதித்துச் சுமந்திருந்தான்! ஆறுதல் என்று எண்ணி நான் அவன் கண்ணீரை அடைத்தேன். அடைபட்ட நீர் சினமாகக் கரை உடைத்தது. பின்னர் அச்சினத்திற்காக நானே அவனை இகழ்ந்தேன்.

அப்பொழுது மெய்ப்பாட்டியல் என் நினைவுக்கு வந்தது. பிறரால் இகழப்படுதல், அன்புக்குரியவற்றை இழத்தல், முன்னைய நிலை தாழ்தல், வறுமை ஆகிய நான்கும் அழுகைக்குக் காரணம் என்று அந்நூல் கூறும். அவன் தந்தையை இழந்தான், அதனால் குடும்பம் நிலை தாழ்ந்தது, வறுமை வந்தது. மூன்று காரணங்களைக் கடல் அளித்தது. இகழ்ச்சி என்னும் நான்காவதை நான் அளித்தேன். நான்கும் நிறைந்த ஒருவனை அழாதே என்று தடுத்தவனும் நானே. அழுகையும் மெய்ப்பாடே என்று ஆண்டுதோறும் கற்பித்த நாவால்தான் அவ்வாறு தடுத்தேன்!

“தம்பி, அன்று நான் கூறியது தவறு. வகுப்பில் கூறியது அதனினும் பெருந்தவறு. இரண்டையும் மன்னித்துவிடு” என்றேன்.

ஆசிரியர் ஒருவர் மன்னிப்பு வேண்டுவதை அவன் அதுவரை கண்டதில்லை போலும். சிறிது நேரம் என்னையே நோக்கினான். பின்னர், முழங்கால்களில் முகம் புதைத்து அழத் தொடங்கினான். நான் அவனைத் தடுக்கவில்லை; தேற்றவும் முற்படவில்லை. அருகே அமர்ந்திருந்தேன். கலங்கரை விளக்கம் கப்பலை இழுத்து வருவதில்லை. தன் இடத்தில் நிற்கிறது. அன்று எனக்குக் கூடியது அவ்வளவே. நன்றாக இருட்டியபின் அவனை வீட்டில் சேர்த்துத் திரும்பினேன்.

அவன் மேலும் சில திங்கள் மருத்துவமனைக்குச் சென்றுவந்தான். பின்னர்ப் பள்ளிப்படிப்பை முடித்து, இயந்திரம் பழுதுபார்க்கும் தொழிலைக் கற்றான். இன்று அவன் இளைஞன். தன் உழைப்பால் தாயைக் காக்கின்றான். அவன் இசைவைப் பெற்றே இதனை எழுதினேன்; பெயரைக் கூறேன்.

மாணவர்களே! உள்ளத்து நோவு எல்லாருக்கும் ஒரே வடிவில் வருவதில்லை. ஒருவன் சினப்பான், ஒருத்தி எவருடனும் பேசாது ஒதுங்குவாள். சிலர்க்கு உறக்கம் கெடும். சிலர் பள்ளி என்றாலே அஞ்சி நடுங்குவர். சிலரால் ஓரிடத்தில் நிலையாக அமரவே இயலாது. வீட்டில் நிகழும் சண்டை, தந்தையின் குடி, உடன் பயில்வோரின் ஏளனம், எவரேனும் இழைத்த தீங்கு, எழுத்துகளைக் கற்பதில் உள்ள இடர், மூளையின் இயல்பில் உள்ள வேறுபாடு எனக் காரணங்கள் பல. உரையாடல், விளையாட்டு, பெற்றோருக்கான வழிகாட்டல் ஆகியவற்றால் தணிவன பல. மருத்துவர் தரும் மருந்தும் வேண்டுவன சில. பத்து முதல் பத்தொன்பது வயது வரை உள்ளவருள் ஏழில் ஒருவர்க்கு மனநலக் குறை உண்டு என்று உலக நலவாழ்வு நிறுவனம் கணக்கிட்டுள்ளது. நாற்பத்திரண்டு பேர் உள்ள வகுப்பில் அது ஆறு பேர் ஆகும். அந்த ஆறு பேரையும் நீங்கள் அறிவீர்கள். அவர்கள் நோவையோ அறியமாட்டீர்கள்.

ஆதலின், உங்கள் தோழன் இயல்பு மாறி நடந்தால், “உனக்கு என்ன கேடு?” என்று கேளாதீர்கள், “உனக்கு என்ன நேர்ந்தது?” என்று கேளுங்கள். அவன் கூறுவதைப் பிறரிடம் பரப்பி நகையாடாதீர்கள். ஆயினும், அவன் தன் உயிரையே வெறுத்துப் பேசினால், மறைத்து வையாமல், நம்பத்தக்க பெரியவரிடம் உடனே கூறுங்கள். அது கோள் சொல்லுதல் ஆகாது, கயிறு பிடித்தலே ஆகும். நோவு உங்களுடையதாயின் நாணாதீர்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், மருத்துவம் பெறும் உரிமையையும், மருத்துவரிடம் கூறியவை மறைவாகக் காக்கப்படும் உரிமையையும் நமக்கு அளித்துள்ளது. 2022-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள் தொடங்கப்பட்ட ‘டெலி மானஸ்’ என்னும் அரசுத் தொலைபேசிப் பணியை 14416 என்னும் எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். துன்புறும் குழந்தைகளுக்கென 1098 என்னும் எண்ணும் உண்டு.

சென்ற ஆண்டு எங்கள் கரையில் மற்றுமொரு வீட்டில் துயரம் நேர்ந்தது. நானும் சென்றிருந்தேன். ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் தூணைப் பற்றிக்கொண்டு நின்றான். பெரியவர் ஒருவர் அவனை நெருங்கி, “ஆண்பிள்ளை...” என்று தொடங்கினார். கூட்டத்தினின்று இளைஞன் ஒருவன் விரைந்து வந்து, அச்சிறுவன் அருகில் தரையில் அமர்ந்தான். அவன் கையைத் தன் கையில் எடுத்துக்கொண்டான். “அழு தம்பி, நான் இங்கேயே இருக்கிறேன்” என்றான். அவ்விளைஞன் யார் என்பதை நான் சொல்லவேண்டுவதில்லை. கயிறு தக்க கையில் இருக்கக் கண்டு, நான் அமைதியாக வீடு திரும்பினேன்.